ஆண்டிறுதி நையாண்டியில் கற்பனை மேற்கோள்கள் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் பிறந்துவிட்டால், ஆண்டு முழுவதும் நடந்தவற்றைச் சிரிக்கச் சிரிக்கத் திரும்பிப் பார்க்கும் பக்கத்துக்காகக் காத்திருக்கும் வாசகர்களில் நானும் ஒருவன். அந்தப் பக்கத்தைப் பற்றி எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தலைவர்களும் அதிகாரிகளும் நடிகர்களும் சொல்லாத சொற்களை அவர்கள் வாயில் வைத்து எழுதும் வழக்கத்தை விட்டுவிட்டு, அவர்கள் உண்மையிலேயே சொன்னதையும் செய்ததையும் தேதியோடு எடுத்துக்காட்டிச் சிரிக்கவைக்க வேண்டும்.

2017 ஏப்ரலில் வைகை அணையின் நீர் ஆவியாகாமல் தடுப்பதற்காக அன்றைய அமைச்சர் ஒருவர் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டதும், அவை காற்றில் அடித்துவரப்பட்டுக் கரை ஒதுங்கியதும் நம் அனைவருக்கும் நினைவிருக்கும். அந்தச் செய்தியில் எவரும் ஒரு சொல்லைக்கூடக் கூட்டிச் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதியதிலேயே தமிழ்நாடு சிரித்தது. ஆனால் முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்து, அணைகள் வற்றி, மக்கள் குடிநீருக்குக் குடங்களோடு அலைந்த கோடையில்தான் அது நடந்தது என்பதையும், வெயிலில் நீர்ப்பரப்பு ஆவியாவது மெய்யான இழப்பே என்பதையும் எழுதுகிறவர் இரண்டு வரிகளில் நினைவூட்டினால், வாசகரின் சிரிப்பு அந்த ஒரு மனிதரைக் கேலி செய்வதோடு முடிந்துவிடாமல், வறட்சிக்கு நாம் எவ்வளவு ஆயத்தமின்றி இருந்தோம் என்ற இடம்வரை போய்ச் சேரும். கற்பனை வசனத்தால் அந்த இடத்துக்குப் போக முடியாது.

பக்கத்தின் உச்சியில் ‘முழுக்க முழுக்கக் கற்பனை’ என்று அச்சிட்டால் போதாதா என்று கேட்கலாம். தாள் கையில் இருக்கும்வரை போதும். கைப்பேசியில் ஒரு கட்டத்தை மட்டும் வெட்டிப் பகிரும்போது அந்த அறிவிப்பு கழன்றுபோகிறது. நாளிதழின் பெயர் மட்டும் ஓரத்தில் நின்று, சொல்லாத சொல்லுக்குச் சாட்சியாகிவிடுகிறது. அப்படி வந்த ஒரு வாசகத்தை உண்மையென்று நம்பிய என் உறவினர் ஒருவர், மாதங்கள் கழித்தும் அதை வைத்து வீட்டில் வாதாடிக்கொண்டிருந்தார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2016 நவம்பர் 8 இரவுப் பணமதிப்பிழப்பு அறிவிப்புக்குப் பின், புதிய 2,000 ரூபாய்த் தாளில் மின்னணுச் சில்லு பதிக்கப்பட்டிருக்கிறது என்ற வதந்தியை நன்கு படித்தவர்களும் நம்பியதை நாம் பார்த்திருக்கிறோமே.

நகை பிறக்கும் களங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் (மடமை) என்னும் நான்கைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகிறது. நம் ஆண்டிறுதிப் பக்கங்கள் எள்ளலை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டு மற்ற மூன்றையும் ஏறக்குறைய மறந்துவிட்டன என்பது என் எண்ணம். மேற்சொன்ன வதந்தியை ஊரே நம்பியது எள்ளலுக்கு உரியதன்று, பேதைமைக்கு உரியது; அதில் நாமும் இருந்தோம் என்பதால் அந்தச் சிரிப்பில் எவர் மனமும் புண்படாது.

இப்படிக் கேட்பதால் நையாண்டியின் கூர்மையைக் குறைக்கச் சொல்கிறேன் என்று கொள்ள வேண்டாம். 1987இல் அட்டையில் வெளியான ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டப்பேரவை மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. எழுந்த எதிர்ப்பால் அவர் சில நாட்களில் விடுவிக்கப்பட்டார். சிரிப்புக்காகச் சிறை சென்ற மரபு நம் இதழியலுக்கு உண்டு. பேசியவரின் சொல்லையே நாளும் இடமும் குறித்து அவர் முன் வைப்பதைவிடக் கூர்மையான கேலி வேறில்லை; அதை அவரால் மறுக்கவும் முடியாது.

இதற்கு டிசம்பரில் அவசரமாகத் தொகுத்தால் போதாது. அப்போது நினைவில் நிற்பவை பெரும்பாலும் கடைசி இரண்டு மாதங்களின் நிகழ்ச்சிகளே. பிப்ரவரியில் கொடுத்த வாக்குறுதியை யாரும் தேடி எடுப்பதில்லை. ஜனவரி முதலே மாதந்தோறும் தேதியிட்ட செய்தி நறுக்குகளை வாசகர்களிடம் கேட்டு வாங்கித் தொகுத்துவர வேண்டுகிறேன். இவ்வாண்டுக்கு நான் வெட்டிச் சேர்த்தவை ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. தாங்கள் கேட்டால் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்