படத்துக்கு ஊரும் பேரும்

மாங்குளம்

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. இங்கே மாரி பிடித்துவிட்டது, குளங்களுக்குத் தண்ணி வரத்துத் தொடங்கியிருக்கு. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லு.

இணையத்தளம் தொடங்கி ஒரு வருஷமாகியும் கூகிள் படத்தேடலில் உன் படம் ஒன்றும் வரவில்லை என்று எழுதியிருந்தாய். தளத்தை ஆறுதலாகப் பார்த்தேன். படங்கள் அவ்வளவு வடிவு. வற்றாப்பளைப் பொங்கல், சுண்டிக்குளத்துப் பூநாரைகள், நந்திக்கடலில் வலை வீசுகிறவர். ஆனால் ஒவ்வொன்றுக்கும் கமரா வைத்த இலக்கம்தான் பேர், பக்கத்தில் ஒரு சொல்லும் இல்லை. படத்தைப் பார்த்து இது பறவை, இது விளக்கு என்ற அளவுக்குத் தேடுபொறி தானாகவே ஊகிக்கும். அது எந்தக் கடலேரிப் பறவை, எந்தக் கோயில் விளக்கு என்பதைச் சுற்றியிருக்கிற சொற்கள்தான் சொல்ல வேண்டும். ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் படத்தை நீட்டினால் என்ன கேட்பார்? எங்க எடுத்தது, எப்ப, ஆர், என்ன நடக்குது? அந்த நாலுக்கும் பதில் எழுதினால் பாதி வேலை முடிந்தது.

அந்த வற்றாப்பளைப் பொங்கல் விளக்குப் படத்தையே எடு. "அழகிய தருணம்" என்று தலைப்பு வைத்தால் அதை யாரும் தேட மாட்டார்கள். "வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல், இரவு விளக்குகளுடன் பக்தர்கள், முல்லைத்தீவு" என்று எழுதி, எடுத்த வருஷத்தையும் சேர். இது படத்துக்குக் கீழே கண்ணுக்குத் தெரிகிற விளக்கவரி. ஆல்ட் டெக்ஸ்ட் என்ற பெட்டி வேறு. அது பார்வையற்றவருக்குத் திரைவாசிப்பான் வாசித்துக் காட்டும் வரி, தேடுபொறியும் அதை நம்பும். அங்கே படத்தில் தெரிவதை ஒரு வசனத்தில் சொல்லு: "மண்தரையில் வரிசையாக எரியும் அகல் விளக்குகள், பின்னால் கோயில் முகப்பு." வன்னி, கோயில், திருவிழா, போட்டோ என்று சொற்களை அடுக்கிக் கொட்டினால் ஏமாற்று வேலை என்று கணக்கெடுக்கப்படும், திரைவாசிப்பானில் கேட்கிறவருக்கும் தலையிடி.

அடுத்தது எழுத்துரு. நம்ம ஸ்ரூடியோக்களில் அல்பம், அழைப்பிதழ் எல்லாம் பாமினியில்தான் அடிக்கிறோம். பாமினித் தலைப்பு கண்ணுக்குத் தமிழ், கோப்புக்குள்ளே ஆங்கில எழுத்துகள். நாங்கள் குற்று, அதாவது மெய்யெழுத்துப் புள்ளி, என்று நினைத்து அடிப்பது உண்மையில் அரைப்புள்ளி. அதை அப்படியே ஒட்டினால் கிளிநொச்சி என்று தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் ஒருநாளும் வராது. பழையதை எழுத்துரு மாற்றும் மென்பொருள் மூலம் யூனிகோடுக்கு, அதாவது கணினி தமிழாகவே வாசிக்கும் முறைக்கு, கொண்டுவா. மாற்றிய பிறகு "ர்" என்ற எழுத்தை ஒவ்வொன்றாகப் பார். பாமினியில் அரவுக்கு (கால் குறி, "ா") மேலே புள்ளி வைத்துத்தான் அதை அடிப்போம். சரியில்லாத மாற்றி அதைக் கால் குறியாகவே விட்டுவிடும், பார்வைக்குப் பிழை தெரியாது, தேடலில் சொல் உடைந்துபோகும். படத்துக்கு மேலேயே பொறித்த எழுத்தையும் விளக்கவரியாக நினைக்காதே.

ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் பலமாதிரி எழுதுகிறார்கள். முல்லைத்தீவின் "தீ"யை டி-ஐ என்றும் டி-எச்-ஐ என்றும் டி-எச்-இ-இ என்றும் காணலாம். அரச வரைபடத்தில் உள்ளதைப் பக்கத் தலைப்பில் போடு, மற்றதை உள்ளே ஒரு வசனத்தில் இயல்பாகச் சேர். லண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருக்கிற எங்கட பிள்ளைகள் ஆங்கில எழுத்தில்தான் கூடுதலாகத் தேடுவார்கள். அதனால் தமிழ் வரிக்குக் கீழே ஆங்கில வரியும் வேண்டும்.

கோப்புப் பேரை மட்டும் ஆங்கில எழுத்தில் வை. தமிழ்க் கோப்புப் பேரையும் கூகிள் வாசிக்கும். ஆனால் "முல்லைத்தீவு" என்ற சொல் கணினிக்கு 12 குறிகள். இணைய முகவரியில் ஒவ்வொன்றும் 9 எழுத்தாக விரியும், ஒரு சொல்லுக்கு 108 எழுத்து. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாம்புமாதிரி நீளும். எல்லாம் சிறிய எழுத்து, சொற்களுக்கிடையில் ஹைஃபன், ஊர், நிகழ்வு, பொருள், வருஷம் என்ற ஒழுங்கு. ஏற்கெனவே ஏற்றிய படங்களின் பேரை இப்ப போய் மாற்றாதே. முகவரி மாறினால் கூகிள் அதைப் புதுப் படமாகத் தொடங்கும், படங்களைத் திரும்ப வந்து பார்க்க அது நாள் எடுக்கும். மாற்றத்தான் வேண்டுமென்றால் பழைய முகவரியிலிருந்து புதியதுக்கு 301 திருப்பம் போடு.

அளவு சுருக்கமாக: 6000க்கு 4000 பிக்சலை அப்படியே ஏற்றாதே. நீளப்பக்கம் 2000, ஜேபெக் தரம் 80, நிறவெளி எஸ்ஆர்ஜிபி. போதும்.

உன் முகப்பில் ஓடுகிற படவரிசையில் இன்னொரு பிழை இருக்கு. அந்தப் படங்கள் சிஎஸ்எஸ் என்ற அலங்கார நிரலில் பின்னணியாக வைக்கப்பட்டிருக்கின்றன. பின்னணிப் படத்தைக் கூகிள் படத்தேடலில் சேர்ப்பதில்லை, பக்கத்தின் நிரலில் சாதாரண படக்குறியில் (img) இருப்பதைத்தான் எடுக்கும். கீழே உருட்டினால்தான் படம் வருகிற அமைப்பும் கவனம். பக்கங்களை வாசிக்க வருகிற கூகிளின் பொட் உருட்டாது. படத்தைத் தேவைப்படும்போது மட்டும் இறக்கும் உலாவியின் சொந்த லேசி லோடிங் பரவாயில்லை, உருட்டலுக்குக் காத்திருக்கும் ஜாவாஸ்கிரிப்ட்தான் மறைக்கும். தளக்காரருக்குக் கூகிள் கொடுக்கிற சேர்ச் கொன்சோலில் முகவரியைப் போட்டுச் சோதித்தால் கூகிள் கண்ட பக்கத்தின் நிரல் தெரியும். அதில் படத்தின் முகவரி இருக்கோ என்று தேடு.

உரிமை விபரத்தைக் கோப்புக்குள்ளேயே எழுது. படக்கோப்புக்குள் விபரம் எழுதும் ஐபிடிசி புலங்களில் எடுத்தவர் பேர், கொப்பிரைட் வரி, அதோடு படம் திருத்தும் லைட்ரூமில் கொப்பிரைட் இன்ஃபோ யூஆர்எல் என்று வருகிற பெட்டி. உன் தளத்தில் "இந்தப் படங்களைப் பாவிக்க" என்று ஒரு பக்கம் எழுதி, அதன் முகவரியை அங்கே போடு. 2020இலிருந்து இந்த முகவரி உள்ள படத்துக்குக் கூகிள் உரிமம் பெறலாம் என்ற அடையாளத்தைக் காட்டக்கூடும். பத்திரிகைக்காரர் உன்னைத் தேடிப் பிடிக்க அதுதான் வழி. ஆனால் இந்த விபரம் கெதியாக அழிந்துபோகும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் போய்விடும், டொக்கியுமென்றாக அனுப்பினால் நிற்கும். தளத்தை நடத்தும் வேர்ட்பிரஸ் படத்தின் சிறிய அளவுகளைச் செய்யும்போது வழங்கியில் இமேஜிக் என்ற படக் கருவி இல்லாமல் ஜிடி என்ற கருவி மட்டும் இருந்தால் அங்கேயும் அழியும். ஏற்றிய படத்தைத் தளத்திலிருந்து திரும்ப இறக்கி, கோப்புக்குள் உள்ள விபரத்தைக் காட்டும் எக்சிஃப்டூலில் ஒருக்கால் திறந்து பார்.

இடக்குறிப்பு விஷயத்தில் எனக்கு ஒரே பிடிவாதம். கூடு கட்டியிருக்கிற பறவையின் படம், ஒருவரின் வீட்டு முற்றத்துப் படம் இரண்டிலும் ஜிபிஎஸை நீக்கித்தான் ஏற்று. லைட்ரூமில் ஏற்றுமதிப் பெட்டியிலேயே அதற்கு ஒரு குறி உண்டு. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்களின் போராட்டப் படங்களுக்குத் திகதியும் இடமும் பிசகாமல் எழுது, ஏனென்றால் அந்தப் படங்கள் வருஷம் தெரியாமல் ஊரெல்லாம் சுற்றும். அம்மாமாரின் பேரை அவர்களிடம் கேட்காமல் எழுதாதே. தேடலில் அகப்பட்ட பேரைத் திரும்ப எடுப்பது பெரும்பாடு.

பேஸ்புக்கில் மட்டும் போட்டுவிட்டு இருக்காதே. அங்கே இரண்டு நாளில் கீழே போய்விடும். விக்கிமீடியா கொமன்ஸ் என்ற பொதுப் படக்களஞ்சியத்தில் ஊருக்கு ஒரு படம் கொடுக்கலாம். விக்கிப்பீடியாக் கட்டுரையில் சேர்ந்தால் எல்லாரும் காண்பார்கள். ஆனால் அந்த உரிமம் வியாபாரப் பாவனைக்கும் இடம் கொடுக்கும், திரும்ப எடுக்கவும் முடியாது. விற்க நினைக்கிற படத்தை அங்கே போடாதே.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வெளிக்கிடாதே. நல்ல இருபது படத்தைத் தெரிந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், இரண்டு மொழியில் வரி. பிறகு சேர்ச் கொன்சோலில் தேடல் வகையைப் படம் என்று மாற்றி, எந்தச் சொல்லுக்கு உன் படம் காட்டப்பட்டது என்று மாதம் ஒருக்கால் பார். சனம் என்ன சொல்லால் தேடுகிறது என்று அங்கே தெரியும், அந்தச் சொல்லைத் தலைப்புக்குள் கொண்டுவா.

வரிகளை எழுதி எனக்கு அனுப்பு, யூனிகோட்டில். சுண்டிக்குளம், வட்டுவாகல் என்ற ஊர்ப்பெயர் இரண்டுக்கும் ஆங்கில எழுத்தை நான் பார்த்துத் தாறன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி