பல்கேரியத் தலைநகர் சோஃபியாவுக்கு வரப்போகும் அத்தைக்கு

அன்புள்ள அத்தை,

விசா வந்துவிட்டது என்று அம்மா சொன்னாள். "பாஷை தெரியாத ஊரில் நான் யாரோடு என்னத்தைப் பேச" என்று நீங்கள் புலம்புவதாகவும் சொன்னாள். பல்கேரியாவில் பேச்சுகூடப் பிரச்சினை இல்லை, தலைதான் பிரச்சினை.

இங்கே ஆமாம் என்றால் தலையை இடமும் வலமும் ஆட்டுவார்கள். இல்லை என்றால் முகவாயை வெடுக்கென்று மேலே தூக்கி இறக்குவார்கள், சில பேர் கூடவே உச்சுக் கொட்டுவார்கள். வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்கள் இதில் தடுமாறிப் போகிறார்கள். நமக்கு அவ்வளவு கஷ்டமில்லை. நீங்கள் 'சரி சரி' என்று தலையாட்டுவது இவர்களுடைய ஆமாமுக்கு ரொம்பப் பக்கம். சந்தையில் தக்காளிக்காரர் பையைத் தூக்கிக் காட்டிக் கேட்டால் வழக்கம்போல ஆட்டுங்கள், எடை போட்டுவிடுவார். குழப்பம் வேறு இடத்தில் இருக்கிறது. வெளிநாட்டு முகத்தைப் பார்த்ததும், நம் வசதிக்காக என்று சிலர் உலக வழக்கப்படி ஆட்டுவார்கள். பாதியில் மறந்து சொந்த வழக்கத்துக்குத் திரும்பியும் விடுவார்கள். அதனால் தலையைப் பார்க்காதீர்கள், வாயைக் கவனியுங்கள். 'தா' என்றால் ஆமாம், 'நே' என்றால் இல்லை.

அடுத்து, எங்கள் குடியிருப்பின் வாசல் கதவைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். இறந்துபோனவர்களின் படத்தோடு தாள்கள் ஒட்டியிருக்கும். பஸ் நிறுத்தத்திலும் மரத்திலும்கூட இருக்கும். நம்மூர்க் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான், ஆனால் பரீட்சைத் தாள் அளவு. அடியில் மாவட்டச் செயலாளர் படமெல்லாம் கிடையாது. நம்மூரில் பதினாறாம் நாள் விசேஷத்துக்குள் அதன்மேல் சினிமா போஸ்டர் ஏறிவிடும். இங்கே நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், வருஷத் திதி என்று புதிது புதிதாக அச்சடித்து ஒட்டுகிறார்கள். பத்து வருஷம் கழித்து ஒட்டியதையும் பார்த்திருக்கிறேன். எனக்கு இந்த வழக்கம் பிடித்துவிட்டது. உயிரோடு இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களைவிடக் கதவில் இருப்பவர்களின் பெயர்தான் எனக்கு அதிகம் தெரியும்.

மேல்மாடிப் பாட்டிக்குப் பூ வாங்கிக்கொண்டு போகலாம் என்று கேட்டீர்களாம். தாராளமாக. ஆனால் எண்ணி வாங்க வேண்டும்: மூன்று, ஐந்து, ஏழு. இரட்டைப்படை என்றால் சாவுக்கு. மொய்யில் நூற்றொன்று எழுதுகிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்வார், கழற்றியதும் வேறொரு ஜோடியை மாட்டச் சொல்வார். வெறுங்காலோடு நடந்தால் சளி பிடிக்குமாம். எதிரெதிர் ஜன்னலைத் திறந்தால் கழுத்துப் பிடித்துக்கொள்ளுமாம். குளிர்ந்த கல்லில் உட்கார்ந்தால் பெண்களுக்குப் பிள்ளை தங்காதாம். கார்த்திகை வந்தால் தலையில் துண்டைக் கட்டச் சொல்லும் நீங்களும் அவரும் ஒரே கட்சி. நடுவில் மாட்டிக்கொள்ளப் போவது நான்தான்.

தயிர் கிடைக்குமா என்று மட்டும் இங்கே யாரிடமும் கேட்டுவிடாதீர்கள், ரோஷம் வந்துவிடும். இந்த ஊர்த் தயிரில் இருக்கும் நுண்ணுயிரை 1905இல் ஜெனிவாவில் படித்துக்கொண்டிருந்த ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரியர் கண்டுபிடித்தார். அதற்கு லாக்டோபாசில்லஸ் பல்கேரிகஸ் என்று நாட்டின் பெயரே வந்துவிட்டது. எனவே உறைமோரைப் பொட்டலம் கட்ட வேண்டாம். கோடையில் தயிரை நீர்க்கக் கரைத்து வெள்ளரிக்காயும் பூண்டும் போட்டு, 'தாரதோர்' என்று ஜில்லென்ற சூப்பாகக் குடிக்கிறார்கள். அதைக் குடிக்கிற ஆபீஸ் நண்பர்களே என் தயிர்சாதத்தைப் பார்த்து, "கடுகை ஏன் கருக்கிவிட்டாய்?" என்று கேட்டார்கள்.

பெட்டிக்கடைகளில் சில தரைக்கு அடியில் இருக்கும். கம்யூனிஸ்ட் ஆட்சி போனபின் நிலவறை ஜன்னலைத் திறந்து ஆரம்பித்த கடைகள். சாமான் வாங்க நடைபாதையில் குந்த வேண்டும். உங்கள் முழங்காலுக்கு ஆகாது, நான் போய்க்கொள்கிறேன்.

நீங்கள் பிப்ரவரி கடைசியில் வருவது நல்லதாகப் போயிற்று. மார்ச் 1ஆம் தேதி ஆளுக்கு ஆள் சிவப்பு வெள்ளை நூல் கட்டிவிடுவார்கள். 'மார்தெனித்ஸா' என்று பெயர். யுனெஸ்கோ 2017இல் இந்த வழக்கத்தைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாரையையோ பூத்த மரத்தையோ பார்க்கும்வரை கழற்றக் கூடாது, அப்புறம் அவிழ்த்து ஒரு கிளையில் கட்ட வேண்டும். கோயில் கயிறு ஏற்கெனவே இரண்டு கட்டியிருக்கும் உங்கள் கையில் இடம் இருக்குமா என்பதுதான் என் சந்தேகம்.

கடைசியாக, ரக்கியா என்றால் என்ன என்று மாமா தனியாக போன் செய்து கேட்டார். திராட்சையிலோ பிளம் பழத்திலோ காய்ச்சும் சாராயம்தான். சாப்பாட்டுக்கு முன்னால் சாலட்டோடு மெள்ள மெள்ளக் குடிப்பார்கள், மணிக்கணக்காகும். கிளாஸை உயர்த்தும்போது எதிரில் இருப்பவரைக் கண்ணுக்கு நேராகப் பார்ப்பது மரியாதை. உங்கள் கண்ணைப் பார்த்துக்கொண்டு அவரால் அது முடியுமா என்று நீங்களே கேட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்