உதவி கேட்க அஞ்சும் தாய்மார்கள்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கைத்தடி இல்லாமலே மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. இங்கே மகள் பணிமாற்றம் பெற்று வேறு ஊருக்குப் போய்விட்டதால் எனக்கு நேரம் கூடியிருக்கிறது. அதில் பெரும்பகுதியைப் பெண்களுக்கான சட்ட உதவி மையத்தில், பிள்ளையைத் தங்களிடமிருந்து பிரித்துவிடாதிருக்கப் போராடும் தாய்மார்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதில் செலவிடுகிறேன். அந்த வேலையைப் பற்றி நான் எழுதியிருந்ததற்கு, குழந்தையின் நலன்தானே முதலில் பார்க்கப்பட வேண்டும், தாயின் கண்ணீருக்காக ஒரு குழந்தையை ஆபத்தில் விட்டுவிட முடியுமா என்று கேட்டிருந்தாய். குழந்தைகள் வார்டில் வாழ்நாள் முழுவதும் செவிலியராக இருந்தவள் நீ. அடிபட்டு வந்த பிள்ளைகளைக் கையில் ஏந்தியவள். உன் கேள்வியை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை.

வன்முறை நடக்கும் வீட்டிலிருந்து குழந்தையை மீட்க வேண்டும் என்பதில் நமக்குள் வேறுபாடே கிடையாது. ஆனால் என் முன்னால் வந்து அமரும் பெண்களில் பலர் பிள்ளையை அடித்தவர்கள் அல்லர். வாடகை கொடுக்க முடியாமல் வீட்டை இழந்தவர்கள், கணவன் விட்டுப்போனவர்கள், சிறை சென்று திரும்பியவர்கள், பாலியல் தொழிலில் இருப்பவர்கள், உடல் ஊனமோ மனநோயோ உள்ளவர்கள். இவர்கள் பிள்ளைக்கு என்ன செய்கிறார்கள் என்று விசாரிப்பதற்கு முன்பே, இவர்களிடம் என்ன இல்லை என்று அதிகாரிகள் கணக்கெடுத்து முடித்துவிடுகிறார்கள். நிலையான முகவரி இல்லை, வருமானச் சான்று இல்லை, பிள்ளையின் தகப்பன் பெயரைச் சொல்ல விருப்பமில்லை. ‘தாய்மை’ என்ற சொல்லுக்கு நம் சமூகம் சூட்டும் மாலைகள் எல்லாம் வீடும் கணவனும் உள்ள தாய்க்குத்தான் போய்ச் சேருகின்றன. மற்றவள் தாயாக இருப்பதற்கே தகுதிச் சான்று காட்ட வேண்டியிருக்கிறது.

இதில் என்னை மிகவும் வருத்துவது ஒன்று உண்டு. உதவி கேட்பதே அவளுக்கு எதிரான சாட்சியமாக மாறிவிடுகிறது. பிள்ளைக்கு இரவில் துணை யாருமில்லை, வேலைக்குப் போகும்போது யாரிடம் விடுவது என்று ஒரு தாய் வாய்திறந்தால், அந்த வாக்கியம் கோப்பில் ஏறும்போது ‘குழந்தையைத் தனியே விட்டுச் செல்கிறாள்’ என்று ஆகிவிடுகிறது. தூக்கம் வரவில்லை, அழுகை வருகிறது என்று மருத்துவரிடம் சொன்னால், ‘மனநிலை சரியில்லாதவள்’ என்று எழுதப்படுகிறது. இதை ஒருமுறை பட்டறிந்த பெண் அடுத்த முறை எதையும் சொல்வதில்லை. அவளுடைய மௌனத்தைப் பார்த்து, பிள்ளைமீது அக்கறை இல்லாதவள் என்று நாம் முடிவுகட்டுகிறோம். உன் வார்டுக்கு நோய் முற்றிய நிலையில் பிள்ளையைக் கொண்டுவந்த தாய்மார்களை நினைத்துப்பார். அவர்களில் எத்தனை பேர் அலட்சியத்தால் தாமதித்தார்கள், எத்தனை பேர் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று அஞ்சித் தாமதித்தார்கள் என்பதை உன்னால்கூடப் பிரித்துச் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த கேரி பக் என்ற பெண்ணைப் பற்றி அண்மையில் விரிவாகப் படித்தேன். அவளுடைய தாய் ஏற்கெனவே மனவளர்ச்சி குன்றியோருக்கான விடுதியில் அடைக்கப்பட்டிருந்தாள். கேரி வளர்ப்புப் பெற்றோர் வீட்டில் இருந்தாள். பள்ளியில் நன்றாகவே படித்துக்கொண்டிருந்தவளை வீட்டு வேலைக்காக நிறுத்தினார்கள். அந்தக் குடும்பத்தின் உறவினன் ஒருவன் தன்னை வன்புணர்ந்ததாகப் பிற்காலத்தில் அவள் சொன்னாள். 1924இல் மகள் விவியன் பிறந்த பிறகு அவளையும் அதே விடுதிக்கு அனுப்பிவிட்டு, குழந்தையை வளர்ப்புப் பெற்றோரே வைத்துக்கொண்டார்கள். கைக்குழந்தையாக இருந்த விவியனைப் பார்த்த சமூகப் பணியாளர் ஒருவர், அதன் தோற்றத்தில் ஏதோ இயல்பாக இல்லை என்று சாட்சி சொன்னார். அந்தச் சாட்சியத்தையும் சேர்த்துக்கொண்டு, மூன்று தலைமுறையாக அறிவுக்குறை தொடர்கிறது என்று கருதி, கேரிக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என 1927இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; ஒன்பது நீதிபதிகளில் ஒருவர் மட்டுமே மாறுபட்டார். விவியன் பள்ளிக்குச் சென்று, சிறந்த மாணவர் பட்டியலிலும் இடம்பெற்று, எட்டு வயதில் நோயுற்று இறந்துபோனாள். வர்ஜீனியா ஆளுநர் வருத்தம் தெரிவித்தது 2002இல்; கேரி 1983லேயே காலமாகிவிட்டாள்.

அது பழைய காலம், இன்று அப்படி நடக்காது என்று நீ சொல்லலாம். அயர்லாந்தில் மணமாகாத தாய்மார்களை அடைத்துவைத்த இல்லங்களை ஆராய்ந்த ஆணையத்தின் அறிக்கை 2021இல்தான் வெளிவந்தது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 18 நிறுவனங்களில் ஏறத்தாழ 9,000 குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அவற்றுள் துவாம் என்ற ஊரில் இருந்த இல்லத்தின் உண்மை வெளிவரக் காரணமானவர் கேத்தரின் கார்லெஸ் என்ற உள்ளூர் வரலாற்றாளர். அவர் இறப்புப் பதிவுகளைத் தேடிப் பெற்று, 796 குழந்தைகளின் பெயர்களைத் திரட்டினார். அங்கும் எல்லாம் குழந்தையின் நலன், குடும்ப மானம் என்ற பெயரில்தான் நடந்தது. சீருடை அணிந்தவர்களும் நல்ல மனம் கொண்டவர்களும் சேர்ந்தே இதைச் செய்தார்கள் என்பதால்தான் உன்னிடம் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

எழுத்தளவில் உலகம் இந்தத் தாய்மார்கள் பக்கம் நகர்ந்துவிட்டது. வறுமை ஒன்றை மட்டுமே காரணமாகக் காட்டிக் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று 2009இல் ஐ.நா. ஏற்ற வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஊனத்தைக் காரணமாக்கிப் பிரிக்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கை கூறுகிறது. பெண் கைதிகளை நடத்துவது பற்றி 2010இல் ஐ.நா. ஏற்ற பாங்காக் விதிகள், கருவுற்ற பெண்களுக்கும் பிள்ளைகளைப் பராமரிக்கும் பெண்களுக்கும் இயன்றவரை சிறையில்லாத தண்டனையே வழங்க வேண்டும், பிரசவ வேளையில் விலங்கிடக் கூடாது, தாயுடன் சிறையில் இருக்கும் குழந்தையைக் கைதியாக நடத்தக் கூடாது என்கின்றன. (விலங்கிடக் கூடாது என்பதை ஒரு விதியாக எழுதிவைக்க வேண்டியிருந்ததே, அதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.) பாலியல் தொழில் செய்கிறாள் என்பதற்காக மட்டும் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றமும் 2022இல் கூறியது.

இவ்வளவும் இருந்தும் என் மேசைக்கு முன்னால் அமர்பவளின் அச்சம் குறையவில்லை. பிரிக்கக் கூடாது என்று விதி சொல்கிறது. பிரிக்காமல் இருக்கத் தேவையான கூரையையும், பகல்நேரக் காப்பகத்தையும், உதவித்தொகையையும் யார் தருவது என்பதற்கு அவளுக்கு விடை கிடைப்பதில்லை. குழந்தையைக் காப்பகத்தில் வைத்துப் பராமரிக்கப் பணம் ஒதுக்குகிறவர்கள், அதே பணத்தைத் தாயின் கையில் கொடுத்துப் பார்க்க ஏன் தயங்குகிறார்கள்? கண்காணிக்க வருபவரும் உதவ வருபவரும் ஒருவராகவே இருக்கும்வரை எந்தத் தாயும் மனம்விட்டுப் பேசமாட்டாள் என்பது என் உறுதியான எண்ணம். இரண்டையும் வெவ்வேறு ஆட்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று மையத்தில் நாங்கள் ஒரு கோரிக்கை மனுவைத் தயாரித்துவருகிறோம்.

அதற்கு உன் உதவி வேண்டும். வன்முறைக்கு ஆளான குழந்தைக்கும் வறுமையால் வாடிய குழந்தைக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு செவிலியரின் கண் எப்படிக் கண்டுகொள்கிறது என்று, யாருடைய பெயரும் இல்லாமல், உன் அனுபவத்திலிருந்து எழுதி அனுப்புவாயா? என் வாதத்தில் நீ ஏற்காத இடங்களையும் தயங்காமல் குறிப்பிடு. அவற்றுக்கும் மனுவில் பதில் இருந்தாக வேண்டும். மாத இறுதிக்குள் கிடைத்தால் முதல் வரைவிலேயே சேர்த்துவிடலாம்.

என்றும் அன்புடன்,
உன் தோழி