கூரை மேல் டேங்க், சுவரில் சுவிட்ச்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பதிப்பில் கூரையில் சோலார் போடுவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மின்சாரம் பற்றி எழுதியதெல்லாம் சரிதான். ஆனால் போகிற போக்கில், சூரிய வெந்நீர்க் கருவியும் எல்லா வீட்டுக்கும் ஏற்றது என்கிற மாதிரி ஒரு வரி இருந்தது. பதினான்கு வருஷமாக அப்படி ஒன்றைக் கூரை மேல் வைத்துக்கொண்டு குளிக்கிறவள் என்கிற முறையில் கொஞ்சம் மறுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

எங்களுடையது பினாங்கு கெலுகோரில் இரட்டை மாடி டெரஸ் வீடு, அதாவது வரிசை வீடு. மூத்தவளுக்குக் கல்யாணம் பேசிய சமயத்தில், வீட்டுக்கு ஆள் வந்து போவார்களே என்று 300 லிட்டர் டேங்க் போட்டோம். கிட்டத்தட்ட ஆறாயிரம் வெள்ளி (ரிங்கிட்). சாதாரண வகைதான். மேலே கண்ணாடி, உள்ளே கறுப்புத் தகடு, தகட்டோடு ஒட்டிய செப்புக் குழாய். சூடான தண்ணீர் லேசாகித் தானே மேலே ஏறி டேங்குக்குப் போகும், கனத்த பச்சைத் தண்ணீர் கீழே இறங்கும். பம்பு கிடையாது, மோட்டார் கிடையாது. அந்த எளிமை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

கோளாறு கூரையில் இல்லை, சுவரில் இருந்தது. மழை நாளுக்காக டேங்குக்குள் ஒரு மின்சூடேற்றி இருக்கும், அதற்கு ஒரு சுவிட்ச். கருவியைப் பொருத்த வந்தவர், "ஆன்லயே விட்டுருங்க ஆன்ட்டி, எப்பவும் சுடுதண்ணி வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்களும் அப்படியே விட்டோம், ஒன்றிரண்டு மாதம் அல்ல, நாலு வருஷம். பில் குறையவே இல்லை, பிள்ளைகள் ஏர்கோன் போடுகிறார்கள் என்று அவர்களைத்தான் திட்டினேன். பிறகு வேறு வேலையாக வந்த ஒயர்மேன் பார்த்துவிட்டுச் சிரித்தார்: "அக்கா, இது சோலார் இல்ல, ராத்திரி ஹீட்டர்." விஷயம் இதுதான். சாயங்காலம் எல்லாரும் குளித்ததும் டேங்கில் பச்சைத் தண்ணீர் நிரம்புகிறது, சூடேற்றி உடனே அதைக் காய்ச்ச ஆரம்பித்துவிடுகிறது. காலையில் சூரியன் வந்து பார்க்கும்போது அதற்கு வேலையே மிச்சமில்லை. 150 லிட்டரை 30 டிகிரி ஏற்ற ஐந்து யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் ஆகும், மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 150 யூனிட்டைத் தாண்டும். இப்போது சுவிட்சை அணைத்தே வைத்திருக்கிறோம். இரண்டு மூன்று நாள் விடாமல் மழை பெய்தால் மட்டும் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போடுவேன். கூரையில் இந்த டேங்க் இருப்பவர்கள் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் போய் அந்தச் சுவிட்சைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சரி, சுவிட்சை ஒழுங்காக வைத்தால் லாபமா? எங்களைப் போன்ற வீட்டுக்குச் சந்தேகம்தான். குளியலறையில் மாட்டுகிற 3.6 கிலோவாட் ஹீட்டரில் ஒருவர் ஆறு நிமிஷம் குளித்தால் 0.36 யூனிட். நாலு பேர் இரண்டு வேளை குளித்தாலும் மாதம் 86 யூனிட்தான். யூனிட்டுக்கு 45 சென் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 40 வெள்ளிகூட வராது. போட்ட ஆறாயிரம் திரும்பி வரப் பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் ஆகும். அதற்குள் எங்கள் டேங்க் ஒருமுறை அரித்து ஒழுகி, மேல்மாடி சீலிங்கில் மஞ்சள் கறை விழுந்துவிட்டது. உள்ளே ஒரு மக்னீசியக் கம்பி இருக்குமாம், டேங்குக்குப் பதில் அது அரிபட்டுத் தேயுமாம், அதைச் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமாம். விற்கும்போது ஒருத்தர் சொல்ல வேண்டுமே! கீழ்த்தளத்துப் பின்பக்கக் குளியலறையில் திறந்தால் குழாயில் கிடந்த பச்சைத் தண்ணீர் எல்லாம் ஓடித் தீர்ந்த பிறகுதான் சூடு வரும், அந்தத் தண்ணீரும் வீண்தான்.

பெங்களூரில் மாடிக்கு மாடி இருக்கிறதே, இஸ்ரேலில் 1980லேயே சட்டம் போட்டார்களே என்பார்கள். அங்கே குளிர்காலம் என்று ஒன்று உண்டு. பினாங்கில் குழாய்த் தண்ணீரே 27, 28 டிகிரியில் வருகிறது. தீபாவளி விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வெந்நீர் வேண்டும், மறுக்கவில்லை, அதுவும் மழைக்காலம் பார்த்துத்தான் வரும். என் பாட்டி தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் மண்ணெண்ணெய் டின்னில் ரப்பர் விறகு வைத்துக் காய்ச்சி ஊற்றினாள். மற்ற நாளெல்லாம் வாளித் தண்ணீர்தான்.

அப்படியானால் இந்தக் கருவி யாருக்கு? பகலெல்லாம் வெந்நீர் செலவாகிற இடத்துக்கு. நம் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகளின் பின்கட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஆட்டுக்கறி அண்டா, தாளித்த சட்டி, நெய் பிடித்த தட்டு, இதையெல்லாம் பச்சைத் தண்ணீரிலும் சோப்பிலும் தேய்த்துக் கை வெந்துபோய் நிற்கிறார்கள் அந்தத் தொழிலாளிகள், இல்லையென்றால் கேஸ் அடுப்பில் ஒரு அண்டாத் தண்ணீர் நாள் முழுக்கக் கொதிக்கிறது. ஒரு கடைக்கு ஒரு நாளைக்கு 600 லிட்டர் என்று வையுங்கள். அதை 30 டிகிரி ஏற்ற 21 யூனிட் சூடு வேண்டும். அடுப்பில் பாதிச் சூடு காற்றோடு போய்விடும் என்று கணக்கிட்டால், 14 கிலோ கேஸ் தோங் (சிலிண்டர்) ஒன்று நாலு நாளில் காலி. அதே வேலைக்கு ஏறக்குறைய பத்துச் சதுர மீட்டர் தகடு போதும், ஒரு கார் நிற்கிற இடம். மழை நாளில் அந்த அளவுக்குச் சூடு வராது, உண்மைதான். ஆனால் 40 டிகிரிக்கு ஏறி வந்தால்கூட மீதியை மட்டும் அடுப்பு ஏற்றினால் போதும்.

முதியோர் இல்லம், மாணவர் விடுதி, மருத்துவமனை, இவற்றுக்கும் இதே நியாயம்தான். அங்கெல்லாம் தண்ணீர் நாள்கணக்கில் தேங்கி வெதுவெதுப்பாகவே கிடந்தால் கிருமி வளரும் என்பதால் டேங்கை 60 டிகிரிக்குக் கொண்டுவரும் ஏற்பாடும் வேண்டும். கோயில் அன்னதானக் கூடத்தைச் சேர்க்கலாமா என்று என் தம்பி கேட்டான். தினமும் சமையல் நடக்கிற கோயில் என்றால் சேர்க்கலாம். விசேஷத்துக்கு மட்டும் அடுப்பு மூட்டுகிற இடத்தில் வேண்டாம், சோலார் மின்தகட்டில் மீந்த மின்சாரத்தை வெளியே அனுப்பவாவது வழி உண்டு, மீந்த வெந்நீரை யாருக்கு அனுப்புவது? வெந்நீர்த் தகடு சூரிய ஒளியில் பாதிக்கு மேல்கூடச் சூடாக மாற்றித் தரும், மின்தகடு ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும், ஆனால் அந்தப் பெருமை தண்ணீர் செலவானால்தான்.

கொண்டோவிலும் அடுக்குமாடியிலும் இருப்பவர்களுக்குக் கூரையே சொந்தமில்லை, அது வேறு கதை.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். பினாங்கிலோ கோலாலம்பூரிலோ இந்தக் கருவியைப் போட்டிருக்கிற நம்மவர் சாப்பாட்டுக் கடை ஏதாவது இருந்தால் உங்கள் நிருபரை அனுப்பி, மாதம் எத்தனை தோங் குறைந்தது என்று கடைக்காரரிடமே கேட்டு எழுதச் சொல்லுங்கள். பின்கட்டில் பாத்திரம் கழுவுகிறவரிடமும் இரண்டு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கெலுகோர், பினாங்கு