செயலாளரின் ஆண்டறிக்கை: மலர் வரைவும் ஓரக்குறிப்பு முறையும்

தலைவர், போசகர்கள், அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு வழமைபோல வெள்ளவத்தையில் கூடியது. கூட்டறிக்கைகள் கோப்பில் உள்ளன. கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். ஆண்டு மலரையும் நமது யாப்பின், அதாவது அமைப்பு விதிகளின், திருத்தத்தையும் எவ்வாறு செம்மையாக்கினோம் என்பதற்கே இவ்வறிக்கையின் பெரும்பகுதியை ஒதுக்குகிறேன். புதிய பதிப்புக்குழு இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம்.

முன்னர் ஒரே கட்டுரை மின்னஞ்சலில் பல பிரதிகளாகச் சுற்றியது. ஒருவர் திருத்தியது அடுத்தவரின் பிரதியில் இராது. இவ்வாண்டு ஒவ்வொரு கட்டுரைக்கும் கூகுள் டொக்ஸில் ஒரே ஆவணம். எழுதியவருக்கும் பதிப்பாசிரியருக்கும் மட்டும் திருத்தும் உரிமை. மெய்ப்பு பார்ப்போருக்குக் கருத்திடும் உரிமை, அதாவது பக்க ஓரத்தில் குறிப்பு எழுதும் உரிமை. இந்த உரிமை உள்ளவர் பிரதிக்குள் எதைத் தட்டச்சு செய்தாலும் அது பரிந்துரையாகவே விழும். எழுதியவர் 'சரி' போட்டால்தான் பிரதியில் சேரும். பிறர் எழுத்தில் கேளாமல் கைவைப்பதில்லை என்ற நமது பழைய ஒழுங்கை இது அப்படியே காக்கிறது. அழைப்பை ஒவ்வொருவரின் மின்னஞ்சலுக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். 'இணைப்பு உள்ள எவரும்' என்று திறந்துவிட்டால், கணக்கில் நுழையாமல் வருவோரின் குறிப்புகள் பெயரில்லாமல் நிற்கும். யாரிடம் விளக்கம் கேட்பது?

அதிக நேரத்தை விழுங்கியது, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய பாமினி எழுத்துருதான். பாமினியில் தட்டிய கட்டுரையை ஒட்டினால் 'தமிழ்' என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கிலக் குறிகளாகக் கிடக்கும். யுனிகோடுக்கு மாற்றிய பிறகும் மூன்று இடங்களைக் கண்ணால் பார்க்க வேண்டும். முதலாவது கொம்பு. பாமினியில் அது மெய்க்கு முன்னால் தட்டப்படும், யுனிகோடில் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும். மாற்றும்போது இடம் பிசகலாம். அடுத்தது ஔகாரம்: அதன் பின்பாதி தனி ளகரமாக நின்றுவிடும். மூன்றாவது, கால் குறியும் (ா) ரகரமும். ஒன்றுக்குப் பதில் மற்றதைத் தட்டியிருந்தால் அச்சில் எளிதில் தெரியாது; ஆனால் தேடலில் அந்தச் சொல் அகப்படாது.

இந்த மாற்றம் முழுவதும் முதற் குறிப்புக்கு முன்னரே முடிய வேண்டும். ஓரக்குறிப்பு தான் சுட்டும் சொல்லோடு கட்டப்பட்டது. அந்தச் சொல் அழிந்தால் குறிப்பும் ஓரத்திலிருந்து போய்விடும். கட்டுரையாளர் வேர்டில் பந்தியைப் புதிதாக எழுதி, பழையதை நீக்கிவிட்டு ஒட்டினால், அந்தப் பந்திக்காக உழைத்தவர்களின் குறிப்புகளும் பந்தியோடு போகும். எனவே திருத்தம் எல்லாம் ஆவணத்துக்குள்ளேயே, சொல் சொல்லாக நடக்கட்டும்.

குறிப்பு எழுதுவதற்கு, பந்தி முழுவதையும் தெரிவு செய்யாமல் சிக்கலான சொற்களை மட்டும் தெரிவு செய்து கன்ட்ரோல், ஓல்ட், எம் ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். ஒரு குறிப்பில் ஒரு விடயம். 'தெளிவில்லை' என்ற குறிப்பால் எவருக்கும் பயனில்லை. '1987இல் வந்தது அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம். இங்கே 12 என்று உள்ளது' என்று எழுதினால் ஒரு நிமிடத்தில் வேலை முடியும். பதில் தேவையானவரின் மின்னஞ்சலை அட் குறியோடு சேர்த்தால் அவருக்கு அறிவித்தல் போகும். சேர்க்காத கேள்விகள் பல கிழமைகள் அப்படியே கிடந்தன.

எழுத்துக்கூட்டல் வழக்குகளை ஓரத்தில் நடத்த வேண்டாம். பெற்றோலா பெட்ரோலா, ரிக்கற்றா டிக்கெட்டா என்று ஒரே விவாதம் கட்டுரைக்குக் கட்டுரை தொடர்ந்தது. நம் நாட்டு வழக்கு பிழையன்று என்பதே செயற்குழுவின் நிலைப்பாடு. நடைக்கையேட்டில் ஒருமுறை எழுதிவிட்டால் போதும்.

குறிப்பைத் தீர்ந்ததாக மூடுவது, கேட்டவரின் பொறுப்பு. பதில் சொன்னவர் தாமே மூடக்கூடாது. மூடியது மறைந்திருக்குமே தவிர அழியாது, கருத்துப் பட்டியலில் மீண்டும் திறக்கலாம். நீக்கினால் மீட்க முடியாது. ஆவணத்தைப் பிரதி எடுக்கும்போது, கருத்துகளையும் சேர்க்கும் கட்டத்தில் அடையாளம் இடாவிட்டால் அவை புதிய பிரதிக்கு வரா.

அச்சுக்கு அனுப்புமுன் பரிந்துரைகள் அனைத்தையும் ஏற்கவோ விலக்கவோ வேண்டும். மிச்சம் விட்டால் வேர்டாக இறக்கும் கோப்பில் அவை திருத்தத் தடங்களாகவே வரும். பக்க வடிவமைப்பின்போது கொம்புகள் மீண்டும் இடம் மாறக்கூடும் என்பதால், கடைசி மெய்ப்பை பிடிஎப் கோப்பிலேயே பார்க்க வேண்டும். இரண்டு பேர் பார்ப்பது நல்லது.

யாப்புத் திருத்த வரைவு தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மூன்று ஆவணங்களாக உள்ளது. மூன்றிலும் பிரிவு இலக்கங்கள் ஒன்றாக இருப்பதால், ஒரு மொழியில் எழும் ஐயத்தை மற்ற இரண்டிலும் அதே பிரிவில் குறித்துவிடலாம். வரைவு அங்கத்தவர்களின் கருத்துக்காக இரண்டு வாரம் திறந்திருக்க வேண்டும் எனவும், பாமினியில் வரும் கட்டுரைகளை மாற்றிச் சரிபார்க்க ஒருவரைத் தனியே நியமிக்க வேண்டும் எனவும் செயற்குழு பிரேரிக்கிறது. இரண்டையும் சபையின் அங்கீகாரத்துக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்
கொழும்பு 06