லேப் அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

நானும் குழந்தையும் வீட்டுக்கு வந்துவிட்டோம். விசாரித்தவர்களுக்கும் வேண்டிக்கொண்டவர்களுக்கும் ஒவ்வொருவராகப் பதில் சொல்ல இன்னும் தெம்பு வரவில்லை. அதனால்தான் இந்த மடல். குழந்தை 36 வாரத்திலேயே பிறந்தது உங்களுக்கே தெரியும். ஏன் என்று கேட்டவர்களுக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பிரசவம் பார்த்த டாக்டர்கள், ராத்திரி முழுக்கக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கவனித்த சிஸ்டர்கள், சாப்பாடு கொண்டுவந்தவர்கள், என் வேலையையும் சேர்த்துச் செய்தவர்கள் எல்லோருக்கும் நன்றி. தனியாகச் சொல்ல வேண்டியது ரத்தம் எடுத்த லேப் அக்காவுக்கு. பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பிரசவத்துக்கு முன்பு ஒருநாள் ரத்தத்தில் கொழுப்புப் பரிசோதனைக்குப் போனேன். முந்தைய ரிப்போர்ட்டில் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு அதிகம் என்று தடித்த எழுத்தில் வந்ததிலிருந்து வீட்டில் அதே பேச்சுதான். கையை நீட்டினேன். அவர் நரம்பைத் தேடாமல் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். நகக்கீறல்கள் மட்டும்தான், தடிப்போ கொப்புளமோ கிடையாது.

"அரிப்பு உள்ளங்காலிலும் இருக்கா? ராத்திரியில் ஜாஸ்தியா?"

இரண்டுக்கும் ஆமாம் என்றேன். வயிறு பெரிதானால் தோல் அரிக்கத்தான் செய்யும் என்று எத்தனையோ பேர் சொல்லியிருந்தார்கள். அக்கறையில் சொன்னதுதான், யார் மேலும் கோபமில்லை.

"கர்ப்பத்தில் கொழுப்பு ஏறுவது சகஜம்மா. கடைசி மாதங்களில் டிரைகிளிசரைடு 2, 3 மடங்குகூட ஆகும். இதில் போட்டிருக்கும் நார்மல் அளவு கர்ப்பமில்லாதவர்களுக்கு. ஆனால் இந்த அரிப்பை இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்க. என்னன்னு சொல்ல வேண்டியது அவங்கதான்" என்றார். சொன்னதோடு விடவில்லை. வெளியே அத்தனை பேர் காத்திருக்க, டாக்டர் அறைக்கு அவரே போன் போட்டுப் பேசிவிட்டுத்தான் ஊசியைக் கையில் எடுத்தார்.

அதே ரத்தத்தில் பித்த அமிலமும் பார்க்கச் சொன்னார் டாக்டர். கல்லீரல் என்சைம்கள் பெரிதாக ஏறவில்லை. பித்த அமிலம் மட்டும் லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தாண்டியிருந்தது. கர்ப்பகாலப் பித்தத் தேக்கமாம். பித்தநீர் கல்லீரலிலிருந்து சரியாக வடியாததால் அதன் அமிலங்கள் ரத்தத்தில் சேர்ந்துவிடுகின்றன. அம்மாவுக்குத் தெரிவது பெரும்பாலும் அரிப்புதான். ஆனால் 100ஐத் தாண்டினால் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிடும் அபாயம் கூடுகிறது. 36 வாரத்திலேயே ஏன் பிரசவம் என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். உர்சோடியாக்சிகோலிக் மாத்திரை அரிப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்தியது, அவ்வளவுதான். சரியான நேரத்தில் வெளியே எடுத்ததுதான் பிள்ளையைக் காப்பாற்றியது என்று நான் நினைக்கிறேன்.

அவர் வேலை ரத்தம் எடுப்பது. எடுத்து அனுப்பியிருந்தால் யாரும் ஒரு குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நாங்கள் எல்லோரும் தாளில் இருந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம், அவர் கையைப் பார்த்தார். இதை நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது.

அரிப்பு நின்றுவிட்டது. கல்லீரல் பழைய நிலைக்கு வந்துவிட்டதா என்று இன்னும் சில வாரங்கள் கழித்துப் பார்க்க வேண்டும். அடுத்த கர்ப்பத்திலும் இது வர நிறைய வாய்ப்பு உண்டு என்கிறார்கள். முதல் செக்கப்பிலேயே சொல்லிவிடுவேன். குடும்பத்தில் தொடரக்கூடியது என்பதால் தங்கையிடமும் சொல்லியாயிற்று. அப்புறம், கர்ப்பமாக இருக்கும் யாராவது என் எதிரில் உள்ளங்கையைச் சொறிந்தால் டாக்டரிடம் நானே இழுத்துக்கொண்டு போவேன், கோபித்துக்கொண்டாலும் சரி.