சொதி ஊற்றிப் பார்த்த கதை

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள கிளி,

நாங்கள் சுகம். உன் முழங்கால் எப்படி? மகளுக்கு இது எத்தனையாம் மாதம் என்று போனில் கேட்க மறந்துபோனேன், எழுது. இவருக்குச் சீனி ஏறித்தான் இருக்கிறது, ஆனாலும் கேக்கைக் கண்டால் விடுகிறாரில்லை. கட்டைச் சேரை அன்றைக்குக் கோணேசர் கோயிலடியில் கண்டேன். இன்னும் அதே குடை, அதே கோபம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் சிரித்துக் கெடுத்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

இங்கே ஒரு பாடசாலையில் கண்காட்சி வைத்தார்கள். எந்தப் பாடசாலை என்று கேட்காதே, அந்த அதிபருக்கு உன்னையும் தெரியும். வீட்டில் எறிகிற பிளாஸ்டிக்கில் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுப் பெட்டி செய்துகொண்டு வரவேண்டும், தாய்மாருக்குப் போட்டி. ஓய்வுபெற்ற மனையியல் ரீச்சர் என்று என்னை நடுவராகப் பிடித்துப் போட்டார்கள். இந்த நெட்டைக்கு வாய் சும்மா இராது என்று யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

வந்த பெட்டிகளை நீ பார்த்திருக்கவேண்டும். இரண்டு சோடாப் போத்தலின் அடிப்பாகத்தை வெட்டி, நடுவில் சிப் வைத்துத் தைத்தது ஒன்று. வெட்டின விளிம்பு கையைக் கிழிக்காமல் இருக்க அயன்பெட்டியில் தொட்டு மடித்திருந்தாள், அத்தனை நேர்த்தி. மாஜரின் டப்பாவில் ரிப்பன் ஒட்டியது, யோகட் கப்புகளை அடுக்கிக் கட்டியது, ஐஸ்கிரீம் டப்பாவை அப்படியே கழுவிக் கொண்டுவந்தது. ஒரு புண்ணியவதி சின்னப் பெயின்ற் வாளியோடு வந்திருந்தாள். கும்பிடு போட்டு வாசலுக்கு வெளியே வைத்தேன்.

சிப் பெட்டிக்குத்தான் முதற்பரிசு என்று எல்லோரும் முடிவே கட்டியாயிற்று. நான் கொதிக்கக் கொதிக்கக் கொஞ்சம் சொதி வேண்டும் என்றேன். எனக்குப் பசி என்று நினைத்து அதிபர் இடியப்பமும் சேர்த்து எடுப்பித்தார்! ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் அகப்பை ஊற்றினேன். சிப் பெட்டியின் ஓரம் கண் முன்னாலேயே சுருங்கி, வாய் கோணி, சொதி மேசைவிரிப்பில் ஓடியது.

சோடாப் போத்தல், தண்ணிப் போத்தல் எல்லாம் பெற் என்கிற வகை, அடியில் அம்பு முக்கோணத்துக்குள் 1 என்று இருக்கும். எழுபது எண்பது பாகையிலேயே அது தளரத் தொடங்கும். அடுப்பால் இறக்கின சோறு அதைவிடச் சூடு. அந்தப் பிளாஸ்டிக்கைச் செய்யும்போது போடுகிற அன்ரிமனி என்ற மூலகமும் கொஞ்சம் அதில் தங்கியிருக்கும். சூடு ஏற ஏற அது உள்ளே இருக்கிற சாமானுக்கு இறங்குவதும் கூடும். வறுத்த கடலை, பிஸ்கட் போட்டுக் கொடுத்தால் ஒருவரும் சண்டைக்கு வரப்போவதில்லை. சோறு கறிக்கு அது ஆகாது. இன்னொன்று, சிப்பின் பல்லுக்குள் போன சம்பலை எந்தப் பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது.

யோகட் கப் அனேகமாக 6. சூட்டுக்கும் எண்ணெய்க்கும் உகந்ததல்ல, கொஞ்சம் அமர்த்தினால் வெடித்தும் போகும். அன்றைக்கு அசையாமல் நின்றது ஐஸ்கிரீம் டப்பாதான். கவிழ்த்துப் பார்த்தேன், 5. பொலிபுரொப்பிலீன், உருகுவதற்கு 160 பாகையளவு வேண்டும். எங்கள் சனம் அந்த அம்பு முக்கோணத்தைக் கண்டாலே நல்ல சாமான் என்று நினைக்கிறது. அது என்ன வகைப் பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்கிறது. சாப்பாட்டுக்கு ஏற்றதென்று காட்டுவது குவளையும் முட்கரண்டியும் போட்ட அடையாளம். 5உம் இந்த அடையாளமும் இருந்து, உள்ளே கீறலும் இல்லையென்றால் வைத்துக்கொள்ளலாம். அப்போதும் சோற்றைக் கொஞ்சம் ஆறவிட்டுத்தான் மூடவேண்டும்.

7 என்றால் என்னவும் இருக்கலாம், அதில் பொலிகாபனேற் என்ற பிளாஸ்டிக்கும் அடக்கம். அதிலிருந்து பிஸ்பினோல் ஏ என்ற இரசாயனம் கசிகிறது என்றுதான் 2011இல் ஐரோப்பிய ஒன்றியம் குழந்தைகளின் பால் போத்தலில் அதைத் தடைசெய்தது. மகள் குடித்த போத்தலைப் பேரப்பிள்ளைக்கென்று நீ பரணில் சுற்றி வைத்திருப்பாய், எனக்குத் தெரியும். எறிந்துவிடு. கஞ்சத்தனத்தை வேறு எதிலாவது காட்டு.

ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பரிசு என்றதும் சபையில் முணுமுணுப்பு. "அவ ஒன்றுமே செய்யேல்லையே, கழுவினது மட்டும்தானே!" ஒன்றும் செய்யாமல் விட்டதற்குத்தான் பரிசு என்றேன். கட்டைச் சேர் இருந்திருந்தால் கைதட்டியிருப்பார்.

சிப் பெட்டிக்காரி கொஞ்ச நாள் என்னைக் கண்டால் றோட்டைக் கடந்து போனாள். அப்புறம் ஒரு பின்னேரம் வீட்டுக்கே வந்துவிட்டாள். "ரீச்சர், ஐஸ்கிரீம் டப்பா என்னட்டையும் இருக்கு. பிள்ளை கொண்டுபோக மாட்டனெண்டுறாள். திறக்க முதலே 'எங்கடி ஐஸ்கிரீம்' எண்டு கேக்கிறாங்களாம். சொப்பிங் பையில பாணைச் சுத்திக்கொண்டு போய், மேசைக்குக் கீழ வைச்சுத் தின்னுறாள்."

எனக்குப் பதில் வரவில்லை, கிளி. கடையில் நல்ல பெட்டி வாங்கலாம்தான். 2022இல் ஏறின விலை இறங்கவா செய்தது? மூன்று பிள்ளை இருந்தால் மூன்று பெட்டி. வாழையிலைக்கும் ஓலைப்பெட்டிக்கும் திரும்புவோம் என்று மேடையில் பேசுகிறவர்கள், விடிய ஆறு மணிக்கு எழும்பி மூன்று பிள்ளைக்குச் சொதி கட்டிக் கொடுத்துப் பார்க்கட்டும். சோற்றுப் பார்சல் சுற்றுகிற லஞ்ச் ஷீற்றை 2017இல் தடைசெய்தபோது நீயும் நானும் எவ்வளவு சந்தோசப்பட்டோம்! கொழும்புப் பக்கம் மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து சனம் செத்த வருடம் அது. இங்கே டவுனில் மான்கள் இன்னும் குப்பைக்குள் பார்சல் தாளைத்தான் மென்றுகொண்டு நிற்கின்றன.

ஆக, அவள் சிப்பும் அயன்பெட்டியுமாக மினக்கெட்டது பிள்ளையின் மானத்துக்கு. டப்பாவில் உள்ள படம் பிளாஸ்டிக்கோடு சேர்ந்தே வந்தது, எண்ணெய் தடவினாலும் உரிகிறதில்லை. வெளியே பெயின்ற் அடித்தால் பிள்ளை சுரண்டிச் சோற்றோடு தின்னும். யோசித்து யோசித்துக் கடைசியில் என் பழைய பருத்திச் சேலையைக் கிழித்து, டப்பாவின் அளவுக்கு உறை ஒன்று தைத்தோம். சுருக்குக் கயிறு போட்டது, அழுக்கானால் தோய்க்கலாம். மூடி கழராமல் இருக்கச் சைக்கிள் ரியூப்பை வளையமாக வெட்டி, உறைக்கு மேலால் மாட்டினோம். சோற்றில் படாது, பஸ்ஸில் சாய்ந்தாலும் திறக்காது. தேங்காய்ச் சம்பலும் பாற்சொதியும் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். திருகோணமலை வெயிலில் இடைவேளை மணி அடிக்க முதலே புளித்துவிடும்.

பிள்ளை இப்போது மேசைக்கு மேலே வைத்துச் சாப்பிடுகிறாளாம். பக்கத்தில் இருக்கிற பெட்டை, தனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று தாயிடம் அழுதிருக்கிறாள். அவளிடம் இருப்பது கடையில் வாங்கின விலை கூடின பெட்டி! தாய் வந்து என்னை ஏசிவிட்டுப் போனாள். இரண்டு பக்கத்தாலும் எனக்கு ஏச்சு.

இப்போது நாலைந்து தாய்மார் என் வீட்டு விறாந்தையில் இருந்து தைக்கிறார்கள். என் சேலைகள் முடிந்துகொண்டு வருகின்றன, இவருடைய சாரத்தில் கை வைத்தால் வீட்டில் போர். உன்னிடம் தையல் கடையில் வெட்டி விழுகிற துணி நிறைய இருக்குமே, ஒரு உரப்பை நிறையக் கட்டி அனுப்பு. பருத்தியாகப் பார்த்து எடு. எல்லாம் பூப்போட்டதாக வேண்டாம், பெடியன்கள் தொடமாட்டார்களாம். வவுனியாவில் இருந்து ஹொறவப்பொத்தானைப் பக்கத்தால் வருகிற பஸ்ஸில் கொடுத்துவிட்டு, கண்டக்டரிடம் என் நம்பரை எழுதிக் கொடு. பஸ் காசை நான் இங்கே கொடுக்கிறேன், அதற்கும் கணக்குப் பார்த்துக்கொண்டு இராதே.

உன்,
நெட்டை